மூன்று மாதச் சான்றிதழும் நான்கு ஆண்டுப் பராமரிப்பும்

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வயது 34. பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த என் மாமியாரை நான்கு ஆண்டுகள் கவனித்துக்கொண்டேன். போன ஆண்டு அவர் காலமாகிவிட்டார். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது எல்லாம் எனக்குப் பழக்கம். மருத்துவமனையில் செவிலியர் உதவியாளராகச் சேர என்னென்ன தகுதி வேண்டும்? ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். மூன்று மாதத்தில் சான்றிதழ் தருவோம், ஊசி போடவும் டிரிப் ஏற்றவும் சொல்லித் தருவோம், அதன்பின் எந்த மருத்துவமனையிலும் நர்ஸ் வேலை கிடைக்கும் என்கிறார்கள். பணம் கட்டலாமா? இன்னொன்று, ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அப்படியானால் இந்த வேலை எனக்கு ஒத்துவராதா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இந்த வேலைக்குச் சேரலாம். பத்தாம் வகுப்பு பல இடங்களில் போதுமான பள்ளிப் படிப்புதான். சில மருத்துவமனைகள் பன்னிரண்டாம் வகுப்பு கேட்கும். சில இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்து, பயிற்சியும் முடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள். 34 வயது ஒரு தடையே இல்லை. வீட்டில் ஒரு நோயாளியை வருடக்கணக்கில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வார்டில் நிலைத்து நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மலமும் வாந்தியும் அவர்களுக்குப் புதிதல்ல. புதிதாக வருகிறவர்களில் பலர் அதைத் தாங்க முடியாமல் முதல் வாரத்திலேயே வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள்.

பள்ளிப் படிப்பை ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்களிடம் எது போதும், எது குறைகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நோயாளியின் கையில் கட்டியிருக்கும் அடையாளப் பட்டையில் உள்ள பெயரையும் எண்ணையும் படிக்க வேண்டும். எத்தனை மில்லி தண்ணீர் குடித்தார், எத்தனை மில்லி சிறுநீர் போனது என்று எழுதி, நாள் முடிவில் கூட்டிக் காட்ட வேண்டும். இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில் நேரம் எழுதத் தெரிய வேண்டும். சார்ட் எந்த மொழியில் இருக்கிறதோ அதில் ஐம்பது, அறுபது சொற்களாவது தடுமாறாமல் வாசிக்க வர வேண்டும். இவ்வளவுதான். இதில் எங்காவது தயக்கம் இருந்தால் வீட்டிலேயே ஒரு மாதம் உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம்.

அடுத்தது பயிற்சிச் சான்றிதழ். நாட்டுக்கு நாடு இந்த வேலைக்கு விதியும் வேறு, பெயரும் வேறு. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு நிதி பெறும் முதியோர் பராமரிப்பு நிலையங்களில் வேலை செய்யும் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் நடக்கும் செய்முறையாக இருக்க வேண்டும், பிறகு தேர்வும் உண்டு. பல மாநிலங்கள் இதைவிட அதிக நேரம் கேட்கின்றன. பிரிட்டனில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் சரியாகக் கவனிக்கப்படாதது பற்றிய பொது விசாரணையின் அறிக்கை 2013ல் வந்தது. உதவியாளர்களுக்கு என்ன பயிற்சி கிடைக்கிறது என்று அதே ஆண்டில் தனியாக ஆராய்ந்தார்கள். அதன் பலனாக, 15 தரநிலைகள் கொண்ட 'கேர் சர்டிபிகேட்' என்ற அடிப்படைப் பயிற்சி 2015 ஏப்ரலில் வந்தது. வேறு பல இடங்களில் மருத்துவமனையே ஆளை எடுத்து, சம்பளம் கொடுத்துக்கொண்டே பயிற்சியும் தருகிறது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், மூன்று மாதமா ஆறு மாதமா என்ற கணக்கை வைத்து ஒரு பயிற்சியை எடை போட முடியாது என்பதுதான். உண்மையான நோயாளியின் படுக்கையருகே, பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, எத்தனை மணி நேரம் உங்கள் கையால் வேலை செய்வீர்கள் என்று அந்த மையத்தைக் கேளுங்கள். எந்த மருத்துவமனையில், எந்த வார்டில் என்று கேளுங்கள். பொம்மையை வைத்து மட்டும் சொல்லித் தருவார்கள் என்றால் அது பாதிப் பயிற்சி. யார் பாடம் எடுக்கிறார், அவருடைய செவிலியர் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் தயங்காமல் கேட்கலாம். நல்ல மையம் இதற்கெல்லாம் கோபப்படாது.

பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய இன்னொரு காரியம் இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போக நினைக்கிற இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்கு நேரில் போங்கள். நர்சிங் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ பணியாளர் பிரிவிலோ, "உதவியாளர் வேலைக்கு எந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரோடு இந்த மையத்தின் சான்றிதழ் பொருந்தினால் மட்டும் மேலே பேசலாம். பலர் சான்றிதழை வாங்கிவிட்டு அப்புறம் மருத்துவமனையைத் தேடுகிறார்கள். கடன் வாங்கிப் படித்துவிட்டு, "இது இங்கே செல்லாது" என்ற பதிலைக் கேட்டு நிற்கிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

ஊசி போடவும் டிரிப் ஏற்றவும் கற்றுத் தருகிறோம், நர்ஸ் வேலை கிடைக்கும் என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஊசி போடுவது, ரத்தக் குழாயில் டிரிப் ஏற்றுவது, மருந்து கொடுப்பது எல்லாம் பதிவு பெற்ற செவிலியரின் பொறுப்பு. ஊசி குத்தும் கைப்பழக்கம் யாருக்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும். எந்த மருந்து, என்ன அளவு, யாருக்கு ஒவ்வாமை, போட்டவுடன் மூச்சு இரைத்தால் என்ன செய்வது என்ற அறிவுக்கு வருடங்கள் ஆகும். அந்தப் பொறுப்பை மூன்று மாதப் பயிற்சி பெற்றவர் தலையில் வைப்பது நோயாளிக்கு ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. ஏதாவது நடந்துவிட்டால் "எனக்குச் சொல்லித் தந்தார்கள்" என்ற வாதம் எங்கும் எடுபடாது. ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் உதவியாளரைக் கூப்பிட்டு, "இந்த ஊசியைப் போட்டுவிடு" என்று சொல்வதுண்டு. அப்போது, "சிஸ்டர், எனக்கு அதற்கு அனுமதி இல்லை, நான் டிரேயை எடுத்துத் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லத் தெரிவதும் இந்த வேலைக்கான தகுதிதான். நான் அதை உயர்ந்த தகுதியாகவே நினைக்கிறேன்.

இதே காரணத்துக்காக உங்கள் மூக்குக் குழாய் அனுபவத்தைப் பற்றியும் பேச வேண்டும். வீட்டில் மாமியாருக்கு அதைச் செய்தீர்கள், யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள், நல்லபடியாகச் செய்திருக்கிறீர்கள். மருத்துவமனையில் அதைத் தன்னிச்சையாகச் செய்யாதீர்கள். இருமலிலோ வாந்தியிலோ குழாய் நகர்ந்து, அதன் நுனி இரைப்பையை விட்டு வெளியே வந்திருக்கலாம். அது தெரியாமல் கஞ்சியை விட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் உணவு கொடுப்பதற்கு முன்னால், குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று செவிலியர் உறுதி செய்வார். உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைத் தாளில் பார்ப்பது ஒரு வழி. மூக்குக்கு வெளியே தெரியும் குழாயின் அளவுக் குறி மாறியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சில வார்டுகளில் தனிப் பயிற்சிக்குப் பிறகு உதவியாளரையும் அனுமதிக்கிறார்கள். அந்த அனுமதி எழுத்தில் வரும்வரை காத்திருங்கள். அதுவரை உங்கள் அனுபவம் வேறு விதத்தில் உதவும். உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த உடனே படுக்கையைத் தாழ்த்தக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். யாராவது மறந்து தாழ்த்தினால் கண்ணில் படுகிற முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

சரி, மருத்துவமனை உங்களிடம் உண்மையில் எதிர்பார்க்கும் வேலை என்ன? குளிப்பாட்டுவது அல்லது ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பது, வாய் சுத்தம், பெட்பேன் வைப்பது, டயப்பர் மாற்றுவது, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது, ஸ்கேனுக்கு அழைத்துப் போவது, சாம்பிளை லேபில் கொண்டுபோய்க் கொடுப்பது. பல இடங்களில் டெம்பரேச்சர், பல்ஸ், பிபி, ஆக்சிஜன் அளவு எடுப்பதும் சேரும். உயிர்காக்கும் முதலுதவியும் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்த வேண்டும் என்பதைச் செய்தே பழகியிருக்க வேண்டும், கேட்டால் சொல்வது மட்டும் போதாது. கை கழுவுவது மிக எளிதாகத் தோன்றும், ஆனால் எல்லாரும் தவறவிடுவது அதைத்தான். உலக சுகாதார அமைப்பு சொல்வது சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி, ஆல்கஹால் கலந்த கை மருந்து தேய்ப்பது என்றால் 20 முதல் 30 நொடி. நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் மட்டுமல்ல, அவருடைய கட்டிலையோ மேசையையோ தொட்டாலும் அப்புறம் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். கையுறை போட்டிருந்தோமே என்று கழுவாமல் விடக் கூடாது.

நேர்முகத் தேர்வு நடத்த நான் உட்கார்ந்தால் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவேன். வலது பக்கம் செயலிழந்த நோயாளிக்குச் சட்டை மாட்டிவிடு, எந்தக் கையை முதலில் நுழைப்பாய் என்று கேட்பேன். பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்தவர் யோசிப்பார். நீங்கள் யோசிக்க மாட்டீர்கள். மாட்டும்போது செயலிழந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். அப்படிப்பட்டவரை எழுப்பி உட்கார வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ தோள்பட்டை மூட்டு நழுவக்கூடும் என்பதும், நடக்க வைக்கும்போது பலவீனமான பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதும் உங்கள் உடம்புக்கே தெரிந்திருக்கும். இதையெல்லாம் தேர்வில் வாய் திறந்து சொல்லுங்கள். "வீட்டில்தான் பார்த்தேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லாதீர்கள். நான்கு ஆண்டு படுக்கையில் இருந்தவருக்குப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டீர்கள் என்றால், அல்லது வந்த புண்ணை ஆற்றினீர்கள் என்றால், எந்த நர்சிங் கண்காணிப்பாளரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

ஒன்று மட்டும் நீங்கள் புதிதாகப் பழக வேண்டியிருக்கும், அது உங்கள் முதுகைக் காப்பாற்றிக்கொள்வது. வீட்டில் தனியாளாகத் தூக்கியிருப்பீர்கள். வார்டில் அப்படித் தூக்காதீர்கள். கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், சக்கரங்களைப் பூட்டுங்கள், இன்னொருவரைக் கூப்பிடுங்கள், வழுக்கு விரிப்பு இருந்தால் அதைப் போட்டு நகர்த்துங்கள். ஆள் வரும்வரை நோயாளி ஐந்து நிமிடம் காத்திருப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. முதுகுத் தட்டு விலகினால் உங்கள் வேலையே போய்விடும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு முதுகுவலி வந்துதான் தீரும் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். ஒரு ஷிப்டில் நோயாளியை அதிக நேரம் தொடுகிறவர் உதவியாளர்தான். மருத்துவர் சில நிமிடம் நிற்பார். செவிலியர் மருந்தோடு வந்து போவார். குளிப்பாட்டும்போது முதுகின் கீழே சிவந்திருப்பதையும், நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதையும், சிறுநீர்ப் பை காலையிலிருந்து நிரம்பவே இல்லை என்பதையும் நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள். பார்த்ததை உடனே, பார்த்தபடி சொல்லத் தெரிந்தவரே நல்ல உதவியாளர். "அவருக்கு நிமோனியா மாதிரி இருக்கிறது" என்று நீங்கள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டாம். "எட்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தார், பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்க நேரமாகிறது, மூச்சு நிமிடத்துக்கு 28" என்றால் செவிலியர் ஓடி வருவார். ஒருமுறை சொல்லியும் யாரும் வரவில்லையென்றால் மறுபடி சொல்லுங்கள், இன்சார்ஜ் சிஸ்டரிடமே போய்ச் சொல்லுங்கள். அதற்காக யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மூச்சு எண்ணிக்கை என்று சொன்னேன் அல்லவா, அதில் நடக்கும் ஒரு தவறைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிபிக்கும் பல்சுக்கும் கருவி இருக்கிறது. மூச்சைப் பெரும்பாலான வார்டுகளில் நெஞ்சைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அவசரத்தில் பலர் எண்ணுவதில்லை, வரிசையாக எல்லாருக்கும் 18, 20 என்று எழுதிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் உடல் நிலை மோசமாகப் போவதை மற்ற எண்களுக்கு முன்பே காட்டுவது பல நேரம் இந்த மூச்சு எண்ணிக்கைதான். 2012ல் பிரிட்டனில் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடுகிறது என்று பொருள். அதில் மூச்சு 25ஐத் தொட்டால் அந்த ஒன்றுக்கே அதிகபட்சமான மூன்று மதிப்பெண் தருகிறார்கள். எண்ணாமல் 18 என்று எழுதினால், மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தாளில் நலமாக இருப்பதாகக் காட்டிவிடுகிறோம். எடுக்க நேரமில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, "இந்தக் கட்டிலுக்கு எடுக்கவில்லை" என்று சொல்லுங்கள். திட்டு விழலாம், பரவாயில்லை.

ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அது கோழைத்தனம் இல்லை. ரத்தத்தைப் பார்த்ததும் சிலருக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடும், அதனால் கண் இருட்டிக்கொண்டு வரும். செவிலியர், மருத்துவர் பலருக்கும் ஆரம்பத்தில் இருந்திருக்கிறது. இதற்கு ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களில் வகுத்த பயிற்சி ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தபடி கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி, முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை 10 முதல் 15 நொடி வைத்திருக்க வேண்டும். பிறகு இயல்பு நிலைக்குத் தளர்த்தி 20, 30 நொடி விட்டு மறுபடி இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. தினமும் சில வேளை பழகிவிட்டால், தலை சுற்ற வரும்போது தசையை இறுக்கி அழுத்தம் இறங்காமல் பிடித்துக்கொள்ளலாம். முதலில் படம், பிறகு வீடியோ, பிறகு நேரில் என்று மெதுவாகப் போங்கள். அடிக்கடி மயங்கியே விழுந்திருக்கிறீர்கள் என்றால், அல்லது ரத்தத்தைப் பார்க்காமலும் மயக்கம் வருகிறது என்றால், முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வேலையில் சேர்ந்ததும் இன்சார்ஜிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பொது வார்டில் உதவியாளர் ரத்தத்தைப் பார்ப்பதைவிட மலத்தைப் பார்ப்பதுதான் அதிகம், அதில் நீங்கள் தேறியவர்.

உடல் தகுதிச் சோதனை பெரும்பாலான இடங்களில் இருக்கும். காசநோய்ச் சோதனையும் கேட்கலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை என்றால் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அதைத் தொடங்குங்கள். வழக்கமான முறையில் மூன்று தவணை. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில் மூன்றாவது. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். நோயாளிக்கு ஊசி போடும் வேலை இல்லாத உதவியாளருக்கும் கையில் ஊசி குத்திவிடுவதுண்டு. விரிப்பை அள்ளும்போது மடிப்பில் யாரோ விட்ட ஊசி இருக்கும், குப்பைப் பையை அழுத்தும்போது குத்தும். குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்காதீர்கள். உடனே தெரிவியுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், சில மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. பயந்து மறைத்துவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

பின்னாளில் செவிலியர் ஆகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த மையம் அந்த ஆசையைக் காட்டியிருப்பதால் சொல்கிறேன். எத்தனை ஆண்டு உதவியாளராக வேலை செய்தாலும் அது தானாகச் செவிலியர் பதிவாக மாறாது. அதற்குத் தனிப் படிப்பு, தனித் தேர்வு, பதிவு எல்லாம் உண்டு. பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பைக் கேட்பார்கள், சில படிப்புகளுக்கு வயது வரம்பும் இருக்கும். அந்த எண்ணம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால், உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பை எழுதப் பாருங்கள். எண்ணம் இல்லையென்றால் அதிலும் குறை ஒன்றும் இல்லை. நல்ல உதவியாளர் ஒருவர் வார்டை விட்டுப் போனால் என்ன ஆகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

மாமியார் இறந்து ஓராண்டுதான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே நோயோடு, அதே வயதில் ஒருவர் உங்கள் கட்டில் வரிசையில் வருவார். அன்றைக்கு மனம் தாங்காமல் போகலாம். முதல் சில மாதங்களுக்கு நரம்பியல் வார்டு வேண்டாம், வேறு வார்டில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு தாள் எழுதி இணையுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை பார்த்துக்கொண்டீர்கள், என்ன நோய், தினமும் என்னென்ன செய்தீர்கள், யார் சொல்லித் தந்தார்கள் என்று ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். மாமியாருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரையோ வீட்டுக்கு வந்து பார்த்த செவிலியரையோ கேட்டு நான்கு வரியில் கடிதம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். சேர்வதற்கு முன்னால் நைட் டூட்டி வாரத்துக்கு எத்தனை, தகுதிகாண் காலம் எவ்வளவு, ஒரு ஷிப்டில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலை எழுத்தில் தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.